முனியாண்டி வண்டிக்குப் பெரிய இன்ஜின் வைத்த கதை

பட்டறையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று சொல்லிச் சொல்லியே பட்டறைக்காரர்கள் என் உயிரை வாங்குகிறார்கள். எனக்குப் பேச வரும், எழுத வராது. ஓய்வு பெற்றவன் சும்மாதானே இருக்கிறான் என்ற நினைப்பு அவர்களுக்கு. ஆனால் போன வாரம் அந்தப் பக்கம் வந்தபோது பார்த்த ஒரு காட்சி என்னை எழுத உட்கார வைத்துவிட்டது.

பழைய டிராக்டர் ஒன்று நடுவில் இரண்டாகப் பிரிந்து கிடந்தது. மேலே செயின் பிளாக்கில் பெரிய இன்ஜின் ஒன்று தொங்கியது. உங்களில் ஒருவர் அதைச் சுற்றிச் சுற்றி வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார். இன்னொருவர், "எம்புட்டு எச்.பி. தெரியுமா" என்று போனைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார். எனக்கு வந்ததே கோபம். வாயைத் திறந்தால் வம்பு என்று டீயை மட்டும் குடித்துவிட்டுக் கிளம்பினேன். வீட்டுக்கு வந்து யோசித்தால், கோபப்பட எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? நானும் இதே போல ஓர் இன்ஜினைத் தொங்கவிட்டு, அதன் அடியில் நின்று பல்லைக் காட்டியவன்தான். என் போனில் அன்றைக்குக் கேமரா இல்லை, அதனால் சாட்சி இல்லாமல் போயிற்று.

அந்த ஒரு வண்டியைப் பற்றி மட்டும் சொல்கிறேன். இணைப்புப் பிளேட்டை எப்படி வெட்டுவது, மையம் எப்படிப் பிடிப்பது என்பதெல்லாம் இப்போது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். அதைச் சொல்லி உங்கள் பொழுதைக் கெடுக்க மாட்டேன்.

நம் பட்டறை அப்போது பழங்காநத்தத்தில் ஒரு தெருவுக்குள் இருந்தது. டிராக்டர் ஒன்று உள்ளே வந்தால் தெருவே அடைபட்டுப் போகும். எதிர்வீட்டு வாத்தியார் ஸ்கூட்டரை வெளியே எடுக்க முடியாமல் எங்களை வாய்க்கு வந்தபடி திட்டுவார். சாயங்காலம் அவரே ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, பிரித்துப் போட்ட கியர்களைப் பார்த்துச் சந்தேகம் கேட்டுக்கொண்டிருப்பார். இப்போது பைபாஸ் பக்கம் ஷெட் விசாலமாக இருக்கிறது, காற்று வருகிறது, எல்லாம் சரி. வேலையை வேடிக்கை பார்க்க ஓர் ஆள் இல்லை. அந்தத் தெருவை நினைத்தால் இன்றும் மனசு கனக்கிறது.

அந்தத் தெருவுக்குத்தான் பேச்சியம்மாள் வந்தாள். சோழவந்தான் பக்கத்து ஊர். நாற்பது வயதை நெருங்கியவள். டிராக்டரைத் தானே ஓட்டிக்கொண்டு வந்து, வாத்தியார் வீட்டு வாசற்படிக்கு ஒரு சாண் இடம் விட்டு ஒரே மூச்சில் பின்னால் எடுத்து நிறுத்தினாள். என் கூட வேலை பார்த்தவர்களில் பாதிப் பேருக்கு அது வராது.

"அண்ணே, வண்டி தொளியில நின்னு நின்னு போகுதுண்ணே," என்றாள். நாற்று நடுவதற்கு முன் வயலில் தண்ணீரைக் கட்டிச் சேறு கலக்குவதைத்தான் நம் பக்கம் தொளி அடிப்பது என்கிறோம். இவளுக்கு அதுதான் பிழைப்பு. சொந்தமாகக் கொஞ்சம் நிலம், மற்றபடி ஊரார் வயல்களில் வாடகை ஓட்டு. "கால்வாயில தண்ணி விட்டா எல்லாப் பயலுக்கும் ஒரே நேரத்துல வண்டி வேணும். பாதி வயல்ல நின்னா அடுத்தவன் வண்டியக் கூப்பிட்டுக்கிருவான். போன போகமே கேவலமாப் போச்சு. இந்தப் போகமும் நின்னுச்சுன்னா அப்புறம் ஒருத்தனும் என்னையக் கூப்பிட மாட்டான்."

"வயசான வண்டி, ஆத்தா. புதுசு எடுத்துற வேண்டியதுதான?"

"எடுக்கலாம். எங்கப்பன் பேரு எழுதுன வண்டி எந்த ஷோரூம்லண்ணே தர்றாங்க?"

பானட்டைப் பார்த்தேன். பக்கவாட்டில் வெள்ளைப் பெயிண்டில், கோணல்மாணலான எழுத்தில், 'முனியாண்டி' என்று இருந்தது. நம் ஊரில் முனியாண்டி பெயர் இல்லாத வண்டி எது? நான் சாமி பெயர் என்று நினைத்துக்கொண்டேன். அவள் சிரித்தாள்.

"ஊரே அப்படித்தாண்ணே நினைச்சுக் கும்பிடுது. அது எங்கப்பா பேரு."

அவள் அப்பா முனியாண்டிக்குச் சொந்தமாக ஒரு குழி நிலம் கிடையாது. பண்ணை ஒன்றில் கூலியாகச் சேர்ந்து, அந்தப் பண்ணையின் டிராக்டர் டிரைவரானவர். "டிரைவருன்னா பெருசா நினைக்காதீக. வண்டியில உக்காரலாம், பண்ணை வீட்டுல உக்கார முடியாது," என்றாள். பண்ணையாரின் பிள்ளைகள் ஊரைவிட்டுப் போய், விவசாயமும் நின்று, கடைசியில் அந்த வண்டி முனியாண்டி கைக்கே வந்தது. வந்த அன்றைக்கு அவர் செய்த முதல் வேலை, பானட்டில் இருந்த பண்ணையின் பெயரைச் சுரண்டி எடுத்துவிட்டு, தன் பெயரைத் தன் கையாலேயே எழுதியது. ஒரு கூலிக்காரன் பெயரை வண்டியில் எழுதலாமா என்று கேட்க நினைத்தவர்களும் இருந்திருப்பார்கள். சாமி பெயரை அழிக்கச் சொல்ல எவனுக்கு வாய் வரும்? மனுஷன் அதையும் யோசித்துத்தான் எழுதினாரோ என்னவோ. அவர் போய்ச் சேர்ந்த பிறகு வண்டி மகளிடம் வந்தது.

"இன்ஜினு எத வேணா வைங்க. மூஞ்சி மாறக் கூடாது. பானட்டை வெட்டக் கூடாது, ஒட்டுப் போடக் கூடாது." இதுதான் அவள் போட்ட நிபந்தனை.

இது லேசான நிபந்தனை இல்லை. லாரி என்றால் கீழே சேசிஸ் இருக்கும், இன்ஜினை அதன் மேல் உட்கார வைத்துவிடலாம். டிராக்டருக்கு அப்படி ஒன்று கிடையாது. முன் அச்சு, இன்ஜின், கியர்பாக்ஸ், பின் அச்சு என்று ஒன்றோடொன்று போல்ட் போட்டு நிற்பதுதான் வண்டி. இன்ஜினே அதற்கு முதுகெலும்பு. நீளம் கூடினால் முன்சக்கரம் தள்ளிப் போகும், பானட் பற்றாது. நான் பல நாள் அலைந்தேன். கடைசியில் கப்பலூரில் ஒரு பழைய இரும்பு யார்டில், லாரி இடித்துப் பின்பக்கம் நொறுங்கிப் போன புது டிராக்டர் ஒன்று கிடந்தது. இன்ஜினுக்கு ஒரு கீறல் இல்லை. மூன்று சிலிண்டர். ஆனால் கையடக்கமாகச் செய்திருந்தார்கள். பழைய இரண்டு சிலிண்டர் இன்ஜினின் நீளந்தான், எடையும் ஏறக்குறைய அதேதான். பலம் மட்டும் ஒன்றரைப் பங்கு. கல்யாணத்துக்குப் பெண் கிடைத்தவன் மாதிரி நான் அந்த யார்டில் நின்று சிரித்தேன்.

கியர்பாக்ஸையும் புது இன்ஜினையும் இணைக்கும் பிளேட்டைச் செய்து கொடுத்தவர் செல்லூர் காதர் பாய். அவருடைய லேத் பட்டறைக்கு இரண்டு பக்கமும் விசைத்தறி ஓடும். அந்தச் சத்தத்தில் பேசுவதென்றால் காதில் வாயை வைத்துத்தான் பேச வேண்டும். ஊர் ரகசியம் எல்லாம் நாங்கள் அப்படிக் கத்தித்தான் பேசினோம், ஒருவர் காதிலும் விழுந்ததில்லை. பாய் பிளேட்டைக் கையில் வைத்துத் தடவிக்கொண்டே என் காதில் கேட்டார்.

"மாப்ள, இம்புட்டுப் பெரிய ஆளை அந்தச் சின்ன வீட்டுல குடிவைக்கிறியே, செவுரு தாங்குமா?"

"தாங்கும் பாய். கிளட்ச் மாத்தியாச்சு. கியர்பாக்ஸ் அந்தக் காலத்து இரும்பு. ஆக்சிலைப் பிரிச்சுப் பாத்துட்டேன், புதுசு மாதிரி இருக்கு."

"எது உடையும்னு எல்லாம் பாத்துட்டியா?"

"எல்லாம் பாத்துட்டேன்."

உண்மைதான். எது உடையும் என்று முழுக்கப் பார்த்திருந்தேன். பாய் கேட்ட கேள்வியும் அதுதான், நான் கொடுத்த பதிலும் அதற்குத்தான். கேள்வியே வேறாக இருந்திருக்க வேண்டும் என்பது எங்கள் இருவருக்கும் அப்போது தோன்றவில்லை.

வண்டியைப் பிரித்த அன்று பேச்சியம்மாள் வந்திருந்தாள். முன்பாதி தனியாக, பின்பாதி தனியாக நகர்ந்ததைக் கண்டதும் முகம் செத்துப் போயிற்று. வெளியே போய், ஆபரேஷன் தியேட்டர் வாசலில் நிற்பவர்கள் மாதிரி தெருவில் நின்றாள். வாத்தியார் வீட்டம்மாதான் அவளைக் கூட்டிப் போய்க் காப்பி கொடுத்தார்.

பிறகு ஒருநாள் எல்லாம் பூட்டி முடித்து, பானட்டை மேலே வைத்தோம். ஒரு நூல் பிசகாமல் உட்கார்ந்தது. முனியாண்டி பெயர் இருந்த இடத்திலேயே இருந்தது. சாவியைத் திருகியதும் பிடித்துக்கொண்டது. வாத்தியார் கை தட்டினார். எனக்குத் தலை கால் புரியவில்லை. திரும்பிப் பார்த்தால் பேச்சியம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நான் சந்தோஷத்தில் அழுகிறாள் என்று நினைத்தேன்.

"சத்தம் மாறிப் போச்சுண்ணே," என்றாள். "எங்கப்பா வீட்டுக்கு வாராருன்னு அந்தச் சத்தத்தை வச்சுத்தான் தெரியும். ரெண்டு தெரு தள்ளி வரும்போதே அம்மா உலையில அரிசி போட்ரும்."

அவளே மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "போகட்டும் விடுங்க. பலம் இருக்கா?" என்றாள்.

"அந்தக் கவலையே உனக்கு வேணாம்," என்றேன்.

கால்வாயில் தண்ணீர் திறந்தார்கள். முதல் தொளிக்கு நான் வந்தே ஆக வேண்டும் என்று ஆள் விட்டிருந்தாள். காலையில் மொபெட்டை எடுத்துக்கொண்டு போனேன். வைகையை ஒட்டிய அந்தப் பாதையில் அந்தப் பருவத்தில் போனவர்களுக்குத் தெரியும். எங்கே பார்த்தாலும் தண்ணீர் கட்டிய வயல், நாற்றங்காலின் இளம்பச்சை, வண்டிச் சத்தம். டயருக்குப் பதில் இரும்புக் கூண்டுச் சக்கரம் மாட்டிய டிராக்டர்கள் சேற்றை வாரி இறைத்துக்கொண்டு போக, கொக்குகள் பயமில்லாமல் பின்னாலேயே நடந்து வரும். என் வேலை ஓடுவதை வரப்பில் நின்று பார்க்கிற சுகம் எந்தப் பட்டறைக்குள்ளும் எனக்குக் கிடைத்ததில்லை. உங்களுக்கும் சொல்கிறேன், எப்போதாவது ஷெட்டைவிட்டு வெளியே போய் அதைப் பாருங்கள்.

வயல் தவசி என்பவருடையது. பெரிய வாய்க்காரர். "போன தடவை மாதிரி நிக்குமா, இல்ல ஓடுமா?" என்று ஆரம்பத்திலேயே குத்தினார். பேச்சியம்மாள் வண்டியை இறக்கினாள். பாதி வயல் முடிகிற வரைக்கும் வண்டி எங்கும் திணறவில்லை. தவசியின் முகம் மாறியது. பக்கத்து வயல்காரர் ஒருவர் வரப்பில் வந்து நின்று, "சாயங்காலம் நம்ம வயலுக்கு விட்ரு தாயி" என்றார். என் நெஞ்சு எம்புட்டு அகலம் விரிந்திருக்கும் என்று நீங்களே நினைத்துப் பாருங்கள்.

அந்த வயலின் வடக்கு மூலையில் ஓர் உளை உண்டு. அடிமண் இளகி, வைத்த கால் முழங்காலுக்கு மேல் இறங்கும் இடம். முனியாண்டி ஓட்டிய காலத்திலிருந்தே அந்த மூலைக்குப் போனால் வண்டி திணறி நின்றுவிடும். பின்னால் எடுத்துக்கொண்டு வந்து, மிச்சத்தை மண்வெட்டியால் கொத்தி விடுவார்கள். இந்தத் தடவை வரப்பில் இத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். வண்டியில் புதுப் பலம் இருக்கிறது. அவள் கியரை ஒன்று இறக்கிப் போட்டு மூலைக்குள் விட்டாள்.

பின்சக்கரம் இரண்டும் புதைந்தன. இன்ஜின் நிற்கவில்லை. உறுமிக்கொண்டே இருந்தது. சேற்றுக்குள் சக்கரம் சுற்ற வழியில்லாதபோது அந்தப் பலம் வேறெங்காவது போயாக வேண்டும் இல்லையா? வண்டி அந்தச் சக்கரத்தையே பிடிமானமாக வைத்துத் தன்னைத்தானே தூக்க ஆரம்பித்தது. முன்சக்கரம் சேற்றிலிருந்து எழுந்தது. விழுந்தது. மறுபடியும் இன்னும் கொஞ்சம் உயரமாக எழுந்தது. இன்னும் ஒரு தூக்குத் தூக்கினால் பின்பக்கமாகக் கவிழ்ந்து, ஓட்டுகிறவரை அப்படியே சேற்றுக்குள் அமுக்கிவிடும். அப்படி உயிரை விட்டவர்கள் நம் பக்கத்தில் உண்டு.

வரப்பே கத்தத் தொடங்கியது. தவசி, "மிதி, மிதி" என்றார். இன்னும் கொஞ்சம் முறுக்கினால் வெளியே வந்துவிடும் என்பது அவர் எண்ணம். எனக்கு வாயில் வந்ததும் அதே சொல்தான். பட்டறையில் ஒருவன் சீட்டில் உட்கார்ந்திருக்க, கீழே இருந்து நாம் "மிதி" என்றால் கிளட்சை மிதி என்றுதான் அர்த்தம். இன்னொருவர், "விடு, விடு" என்றார். அவர் சொன்னது ஆக்சிலேட்டரை விடு என்று.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். இடது காலுக்குக் கீழே கிளட்ச், வலது காலுக்குக் கீழே ஆக்சிலேட்டர். இடது கால் மிதித்தால் பிழைப்பாள், வலது கால் மிதித்தால் போய்விடுவாள். வலது கால் விட்டால் நல்லது, இடது கால் விட்டால் அவ்வளவுதான். இரண்டே சொல், எந்தக் காலுக்கு என்று எவனும் சொல்லவில்லை. அவள் கால் அந்த நொடியில் எதன் மேல் எவ்வளவு இருக்கிறது என்று வரப்பில் நின்ற எனக்கு எப்படித் தெரியும்? நான் கத்துகிற சொல் அவளுடைய எந்தக் காலுக்குப் போய்ச் சேரும்?

நான் கத்தவில்லை. பக்கத்தில் நின்ற தவசியின் வாயைக் கையால் பொத்தினேன். மற்றவர்களைப் பார்த்து, "எவனும் வாயைத் திறக்காதீங்கடா" என்றேன். பல்லைக் கடித்துக்கொண்டு, கத்தாமல், அடங்கிய குரலில்தான் சொன்னேன். என்னைவிட வயதில் மூத்தவர்களும் அங்கே இருந்தார்கள். ஒருவரும் மூச்சு விடவில்லை. முன்சக்கரம் மூன்றாவது முறை எழுந்தது. முனியாண்டி பெயர் வானத்தைப் பார்த்துச் சாய்ந்தது. அவள் முகம் எனக்குத் தெரியவில்லை. உலகத்தில் இருக்கிற சாமிகளையெல்லாம் கூப்பிட்டேன்.

திடீரென்று முன்பக்கம் தொபீரென்று சேற்றில் விழுந்தது. இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது, வண்டி அசையவில்லை. அவள் கிளட்சை மிதித்திருந்தாள். பிறகு கையை நீட்டி இன்ஜினை நிறுத்தினாள். வாய்க்காலில் தண்ணீர் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது.

நான் சேற்றுக்குள் இறங்கி நடந்தேன். அவள் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். முகமெல்லாம் சேறு.

"வரப்புல கத்துனது ஒண்ணும் புரியலண்ணே," என்றாள். "மிதிங்கிறாக, விடுங்கிறாக. எத மிதிக்கன்னு குழம்பிருச்சு. அப்புறம் ஒரு சத்தமும் இல்ல. அப்பத்தான் காலு தானா போச்சு."

நம் பட்டறையில் சீட்டில் ஆள் இருக்கும்போது யாராவது வெறுமனே 'மிதி' என்றோ 'விடு' என்றோ சொன்னால் எனக்கு ஏன் அப்படிக் கோபம் வரும் என்று பழைய ஆட்களிடம் கேட்டிருப்பீர்கள். "பெருசுக்குக் கிறுக்கு" என்று சொல்லியிருப்பார்கள். கிளட்ச் மிதி, ஆக்சிலேட்டர் விடு என்று பொருளின் பெயரை முதலில் சொல்லுங்கள். அந்தப் பெயர் வாயில் வரவில்லை என்றால் பேசாமல் இருங்கள். சீட்டில் இருப்பவருக்குக் காலும் மூளையும் இருக்கிறது.

அதற்குள் வரப்பில் பேச்சுக் கிளம்பிவிட்டது. "பொம்பளை ஓட்டுனா இப்படித்தான்" என்று ஒருவர் சொன்னது என் காதிலேயே விழுந்தது. சாயங்காலம் வரச் சொன்ன பக்கத்து வயல்காரர் மெதுவாக நழுவப் பார்த்தார். பேச்சியம்மாளின் முகத்தைப் பார்த்தேன். உயிர் பிழைத்த நிம்மதி ஒரு கணம்கூட அதில் நிற்கவில்லை. போகம் கையைவிட்டுப் போகிறது என்கிற பயந்தான் வந்திருந்தது.

நான் வரப்பைப் பார்த்து, "ஓட்டுனதுல ஒரு தப்பும் இல்ல. அந்த இடத்துல நீங்க உக்காந்திருந்தா இந்நேரம் உங்களத் தோண்டி எடுத்துக்கிட்டிருப்போம். வண்டியிலதான் கோளாறு. அது என் வேலை," என்றேன்.

தாழ்ந்த குரலில் அவளிடம், "இறங்குத்தா. பட்டறைக்குக் கொண்டு போயிருவோம். பழைய இன்ஜினையே வச்சிரலாம்," என்றேன்.

"இன்னைக்கு இந்த வயலை முடிக்காம வெளிய போனேன்னா, அப்புறம் எந்த வயலுக்குள்ள போவேன்?" என்றாள். குரல் உடைந்துவிட்டது. "எங்கப்பா ஆயுசு பூரா இந்த மூலையில வஞ்சுக்கிட்டே கிடந்துச்சுண்ணே. சனியன் நிக்குது, சனியன் நிக்குதுன்னு. வண்டி நின்னதாலதான அப்பா உசுரோட வீட்டுக்கு வந்துச்சு?"

எனக்குச் சுருக்கென்றது. பாயும் நானும் கேட்காமல் விட்ட கேள்வி அதுதான். எது உடையும் என்று பார்த்தோம். எது நின்று காப்பாற்றிக்கொண்டிருந்தது என்று பார்க்கவில்லை. பழைய இன்ஜின் தன்னால் முடியாத இடத்தில் மூச்சைவிட்டு நின்றது. அதை நோய் என்று நினைத்து வைத்தியம் பார்த்துவிட்டோம்.

வேலை அங்கேயே நடந்தது. எல்லோருமாகக் கயிறு கட்டி வண்டியைப் பின்னால் இழுத்து வரப்போரம் கொண்டு வந்தோம். தவசியின் மோட்டார் ரூமுக்குப் பின்னால் பழைய கல்தூண் ஒன்று கிடந்தது. முன்பக்கம் தூக்காமல் இருக்க அதை உருட்டி வந்து அங்கே சங்கிலி போட்டு இறுக்கினோம். பாய் அப்புறம் அதற்குப் பதிலாக இரும்பிலேயே பாரக்கட்டைகள் செய்து கொடுத்தார். டீசல் பம்பின் திருகைத் திருப்பி, இன்ஜினுக்குப் போகிற டீசலைக் குறைத்தேன். அரைப் பங்கு பலத்தைச் சேர்க்க அத்தனை பாடுபட்ட நானே, கால் பங்கை ஸ்பேனரால் பிடுங்கிப் போட்டேன். வயிறு எரிந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். உளைக்குப் பக்கத்தில் போகும்போது கீழ்க் கியர் போடவே கூடாது, மேல் கியரிலேயே போக வேண்டும், முடியாத இடத்தில் இன்ஜின் தானாக அடங்கிவிடும் என்று அவளுக்கு விளக்கினேன்.

எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். ஸ்பேனரைத் துடைத்து நான் பையில் போட்டதும் கேட்டாள்.

"அடங்கிருமா?"

"அடங்கிரும்த்தா."

"அப்ப நீங்க ஏறுங்க. அதே மூலைக்கு."

பட்டறையில் எத்தனையோ வண்டிகளைச் செய்து சாவியைக் கொடுத்திருக்கிறேன். அப்படி ஒருவரும் என்னிடம் கேட்டதில்லை. எனக்குப் பயமாக இருந்தது. வீட்டில் மனைவியும் கல்யாணம் ஆகாத மகளும் நினைவுக்கு வந்தார்கள். கணக்குப்படி அடங்க வேண்டும். அந்தக் கணக்கை நம்பி இந்தப் பெண்ணை ஏறச் சொல்ல ஒரு நிமிஷத்துக்கு முன்னால் எனக்கு வாய் வந்ததே, நான் ஏற மட்டும் கால் வரவில்லை. தவசி என்னைப் பார்த்தார்.

ஏறினேன். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். மேல் கியரைப் போட்டு, இடது காலைக் கிளட்சுக்கு மேல் தூக்கி வைத்தபடி, அந்த வடக்கு மூலையைப் பார்த்து விட்டேன். சக்கரம் இறங்குவது இடுப்பில் தெரிந்தது. இன்ஜின் உறுமியது. பானட் கண்ணெதிரே மெல்ல எழுந்தது. என் கால் துடித்தது. மிதித்துவிடலாம், மிதித்தால் நான் பிழைத்துக்கொள்வேன், ஆனால் இன்ஜின் தானாக நிற்குமா என்பது அவளுக்கும் தெரியாமல் போகும், எனக்கும் தெரியாமல் போகும். காலை அப்படியே வைத்திருந்தேன். கண்ணை மூடிக்கொண்டேன் என்றுதான் நினைக்கிறேன்.

இன்ஜின் இரண்டு முறை இருமியது. நின்றது. முன்சக்கரம் பொத்தென்று சேற்றில் உட்கார்ந்தது.

சேற்றில் யாரோ நடந்து வரும் சத்தம் கேட்டது. கண்ணைத் திறந்தால் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பேச்சியம்மாள் பக்கத்தில் நின்றாள். மட்கார்டில் கையை வைத்து, ஒரு காலைப் படியில் ஏற்றிவிட்டிருந்தாள்.

"இறங்குங்கண்ணே," என்றாள். "சாயங்காலத்துக்கு முன்னாடி இதை முடிக்கணும்."